கேள்வி–பதில்: ஜிஜி ஆலினோடு வேனில் போனவர்கள்

போன இதழில் பங்க் ராக் என்கிற வேகமான, முரட்டு ராக் இசை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, அமெரிக்க பங்க் பாடகர் ஜிஜி ஆலின் பெயரைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த முறை வேறு எதையும் எழுத விடமாட்டீர்கள் போலிருக்கிறது. பாதிப் பேர் ‘யார் அந்த ஆள்?’ என்கிறீர்கள், மீதிப் பேர் ‘அந்த ஆளைப் பற்றியெல்லாம் எழுதலாமா?’ என்கிறீர்கள். சரி, மொத்தப் பக்கமும் அவருக்கே. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் முதலில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

கேள்வி: யார் இவர்? பெயரே விசித்திரமாக இருக்கிறதே?

பதில்: பிறந்தபோது வைத்த பெயர் இன்னும் விசித்திரம். 1956 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து லங்காஸ்டரில் பிறந்தார். இயேசுவே தன்னிடம் வந்து ‘உன் பிள்ளை பெரிய ஆளாக வருவான்’ என்று சொன்னதாக அப்பா நம்பியதால், ஜீசஸ் கிரைஸ்ட் ஆலின் என்றே பெயர் வைத்துவிட்டார். அண்ணன் மெர்லுக்கு அப்போது ‘ஜீசஸ்’ வாயில் நுழையவில்லை. ‘ஜீஜி’ என்று கூப்பிட்டான், அதுவே நிலைத்துவிட்டது. வீடு என்பது மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஒரு மரக்குடிசை. அப்பா நிலவறையில் குழி வெட்டி வைத்துக்கொண்டு, எல்லோரையும் கொன்று இதில் புதைத்துவிடுவேன் என்று மிரட்டுகிறவர். அம்மா ஒருவழியாகப் பிள்ளைகளோடு அவரைவிட்டு விலகி வந்து, 1962இல் சின்னவன் பெயரை கெவின் மைக்கேல் என்று மாற்றினார், பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று.

இந்தக் கதையைக் கேட்டவுடன் ‘ஓ, அதனால்தான் அப்படி ஆகிவிட்டார்’ என்று ஃபைலை மூடிவிடுகிறவர்கள் உண்டு. நான் மூடமாட்டேன். அண்ணன் மெர்லும் அதே குடிசையில்தான் வளர்ந்தார். அவர் தம்பி மாதிரி 36 வயதில் சாகவில்லை.

கேள்வி: மேடையில் அப்படி என்னதான் செய்வார்? நாகரிகமாகச் சொல்லுங்கள்.

பதில்: நாகரிகமாகச் சொல்ல முடிந்த பகுதி ரொம்பச் சின்னது. உடம்பில் துணி இல்லாமல் நிற்பார், மைக்கால் தன் நெற்றியிலும் பல்லிலும் அடித்துக்கொள்வார், உடைந்த கண்ணாடியால் கீறிக்கொள்வார், கூட்டத்துக்குள் பாய்ந்து கையில் கிடைத்தவரைக் குத்துவார். அப்புறம் அந்த இன்னொரு சமாச்சாரம், மேடையிலேயே மலம் கழிப்பது.

அந்தச் சமாச்சாரத்தைச் சும்மா அருவருப்பாக மட்டும் பார்க்காமல் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் ஒன்று புரியும். முதல் தடவை அது நடந்தது 1985இல், இல்லினாய் மாநிலத்து பியோரியாவில், முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குச் சொந்தமான ஒரு ஹாலில். அன்று கூட இருந்த நண்பர் ஒருவர் பிற்பாடு சொன்ன கதை இது. இருவரும் போய் பேதி மாத்திரை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் ஆலின் கச்சேரிக்குப் பல மணி நேரம் முன்னாலேயே அதைத் தின்றுவிட்டார். மாத்திரை தன் வேலையை ஆரம்பித்துவிட்டது, அவர் மேடையேற இன்னும் நேரம் இருக்கிறது. மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். கடைசியில் காரியம் ஆனதும், ஹாலை நடத்திய பெரியவர்கள் வெறிபிடித்தது போலக் கத்த, நாற்றம் தாங்காமல் பையன்கள் நூற்றுக்கணக்கில் வாசலைப் பார்த்து ஓடியிருக்கிறார்கள்.

‘தறிகெட்ட ஆவேசம்’ என்று விளம்பரமான விஷயம் மருந்துக்கடையில் ஆரம்பித்தது என்பதைக் கவனியுங்கள். கடையில் வாங்கி, நேரம் கணக்குப் பண்ணி, கணக்குத் தப்பியதால் தவித்து நின்ற ஆவேசம். அதற்காக அது பொய் என்று சொல்லவில்லை, ரத்தமெல்லாம் நிஜ ரத்தம்தான். ஆனால் ஒரு டூர் என்றால் தினமும் ஒரு ஊரில் குறித்த நேரத்துக்கு அதே ‘கட்டுப்பாடற்ற’ வெறியைக் கொடுத்தாக வேண்டும். அது ஒரு வேலை. அந்த வேலைக்கு ஆட்கள் வேண்டும், வேன் வேண்டும், பேஸ் கிட்டாரை ட்யூன் பண்ணத் தெரிந்தவர் வேண்டும். ஆலினைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட ஆளுக்கு யார் சார் கச்சேரி கொடுத்தது? காசு எப்படி வந்தது?

பதில்: பெரிய ஹால்காரர் யாரும் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் அந்தக் காலத்து பங்க் டூர் என்பதே ஒரு பழைய வேன், பின்னால் ஆம்ப்ளிஃபயர்கள், அதன்மேல் ஆட்கள், ராத்திரி யார் வீட்டுத் தரை கிடைக்கிறதோ அங்கே தூக்கம் என்பதுதான். சின்ன கிளப்காரர் ஒரு தொகை பேசுவார், அல்லது வாசலில் வசூலாகும் டிக்கெட் பணத்தில் பங்கு. ஒழுங்கான பேண்டுக்கே பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் இழுத்துப் பறித்துக்கொண்டு இருக்கும்.

ஆலின் கச்சேரி பல ஊர்களில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மின்சாரத்தை நிறுத்துவார்கள், அல்லது போலீஸ் வரும், அல்லது அவரே நிற்க முடியாத நிலைக்கு வந்துவிடுவார். மைக்கும் ஸ்பீக்கரும் கிளப்காரருடையவை. ரத்தமும் மற்றதும் பட்ட மைக்கை மறுநாள் எந்தப் பாடகர் வாயருகே கொண்டுபோவார்? இதையெல்லாம் தெரிந்துகொண்டும் கூப்பிட்டார்கள் என்றால் காரணம் எளிது, ஆள் வந்தால் கூட்டம் வரும். டிக்கெட் பணம் வாசலிலேயே வாங்கியாயிற்று, பாட்டு நாலு நடந்தாலும் இரண்டு நடந்தாலும் யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. பாதியில் நின்றுபோவதும் அந்த டிக்கெட்டில் அடக்கம். எந்த ஊருக்கும் இரண்டாவது தடவை போவதுதான் கஷ்டம்.

அப்புறம் இந்தத் தொழிலில் முதலாளியின் உடம்புதான் முதலீடு. கீறல்களைக் கவனிக்காமல் விட்டு ரத்தத்தில் விஷம் ஏறி ஆஸ்பத்திரி, எலும்பு முறிந்து ஆஸ்பத்திரி, இல்லையென்றால் ஜெயில். இப்படி நடுவழியில் நின்ற டூர்கள்தான் அவருக்கு அதிகம். நின்றால் கூட வந்த மற்றவர்கள் கதி? அதை யாரும் சுவரொட்டியில் போட்டதில்லை.

கேள்வி: கூட வாசித்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? நான் ஒரு ஆபீஸில் ஒரு கத்துகிற மேனேஜரோடு வேலை பார்க்கிறேன், அதுவே முடியவில்லை.

பதில்: வந்த கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

பல பேர் தாக்குப்பிடிக்கவில்லை என்பதுதான் முதல் பதில். ஆலின் பல பேண்டுகளை மாற்றியவர். 1977 முதல் 1984 வரை இருந்த ஜாபர்ஸ்தான் முதலில் பெயர் வாங்கியது. அவருடைய போக்கு முற்ற முற்ற அந்தப் பேண்டு அவரோடு ஓட முடியாமல் உடைந்தது. 1991இல் மர்டர் ஜங்கீஸ் என்ற கடைசிப் பேண்டு உருவானபோது ரமோன்ஸ் என்ற பிரபல பங்க் பேண்டின் டீ டீ ரமோன் கிட்டார் வாசிக்கச் சேர்ந்தார். அவரே ஹெராயினில் மூழ்கி எழுந்தவர், பங்க் உலகத்தில் பார்க்காத கூத்து இல்லை. அவரும் சில நாட்களில் போய்விட்டார்.

நின்றவர்கள் என்று பார்த்தால், முதலில் அண்ணன் மெர்ல். பேஸ் கிட்டார். மூக்குக்குக் கீழே ஹிட்லர் மீசை வைத்துக்கொண்டு சுற்றியவர் என்பதால் அவரை அப்பாவி என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் அந்தக் காட்சிகளைப் பாருங்கள். தம்பி கூட்டத்துக்குள் விழுந்து யாரோடோ கட்டிப் புரளும்போது மெர்ல் பேஸ் வாசிப்பதை விடமாட்டார். பாட்டு தொடர்ந்தால்தான் அது கச்சேரி, நின்றால் அடிதடி என்ற கணக்கு அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். டிரம்ஸ் வாசித்த டினோ இன்னொரு ரகம். அவரும் உடம்பில் துணி இல்லாமல்தான் உட்கார்ந்து வாசிப்பார், கேட்டால் அதற்குத் தனியாகத் தத்துவம் சொல்வார். ஆனால் டிரம்ஸுக்குப் பின்னால் இருக்கிறவருக்கு ஒரு வசதி, பாட்டில் பறந்து வந்தால் குனிந்துகொள்ளலாம்.

இவர்களில் ஒருவருக்காவது ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் வழி இருந்ததா? கத்துகிற மேனேஜர் கத்தாவிட்டாலும் உங்கள் ஆபீஸ் ஓடும், அதனால் என்றைக்காவது ஒருவர் போய் அவரிடம் பேசிப் பார்க்கலாம். இங்கே ஆலின் தன்னை அடித்துக்கொள்வதுதான் சரக்கு. அவர் திருந்தினால் டூர் இல்லை, டூர் இல்லையென்றால் வேன் இல்லை, வேனில் இருப்பவர்களுக்குப் பிழைப்பு இல்லை. ‘என் தம்பியைக் காப்பாற்ற வேண்டும்’ என்பதும் ‘என் பாடகரை மேடையேற்ற வேண்டும்’ என்பதும் ஒரே ஆளின் தலைக்குள் இருந்தால் எது ஜெயிக்கும்? ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் கூட்டம் நிற்கும்போது எது ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

உங்கள் மேனேஜருக்கு வருகிறேன். வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிட் விஷஸும் இவரும் ஒன்றா?

பதில்: செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இங்கிலாந்து பங்க் பேண்டில் பேஸ் கிட்டார் வாசித்தவர் சிட். ஒப்பிடலாம், ஆனால் ஏற்பாடு வேறு. செக்ஸ் பிஸ்டல்ஸ் 1978 ஜனவரியில் அமெரிக்காவுக்கு வந்தபோது அட்லாண்டாவில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோவில் முடிந்த ஏழே கச்சேரிகள், பத்து நாள், அத்தோடு பேண்டே உடைந்துவிட்டது. நியூயார்க்கை விட்டுவிட்டு, பங்க் என்றால் எரிந்து விழும் தென்மாநில ஊர்களாகப் பார்த்துப் போனது மேனேஜர் மால்கம் மக்லாரனின் யோசனை. சண்டை வரட்டும், பத்திரிகையில் வரட்டும் என்பதுதான். வந்தது. சான் அன்டோனியோவில் சிட் பேஸ் கிட்டாரைக் கழற்றிக் கூட்டத்தைப் பார்த்து வீசி அடித்தார். டல்லஸில் ‘எனக்குப் போதை மருந்து வேண்டும்’ என்ற பொருள்பட நெஞ்சில் எழுதிக்கொண்டு வந்து நின்றார்.

ஆனால் அங்கே பின்னால் வார்னர் பிரதர்ஸ் என்ற பெரிய கம்பெனி இருந்தது, பஸ் இருந்தது, டூர் மேனேஜர் இருந்தார், சிட் ஹெராயின் தேடி ஓடாமல் பார்த்துக்கொள்ளவே தடித்தடியான காவலர்கள் இருந்தார்கள். அவ்வளவு பேர் சுற்றி நின்றும், 1979 பிப்ரவரி 2 அன்று அதே ஹெராயினால் செத்தார், வயது 21. ஆலினைச் சுற்றிச் சம்பளத்துக்கு நின்று ‘கூடாது’ என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்றால், சிட் கதையைப் பார்த்து நம்பிக்கை வரவில்லை.

கேள்வி: மனநோயாளி ஒருவரைக் கலைஞன் என்று தூக்கிப் பிடிக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா? அவர் ஒரு பெண்ணைக் கொடுமைப்படுத்தி ஜெயிலுக்குப் போனவர் என்பது தெரியுமா?

பதில்: தூக்கிப் பிடிக்கவில்லை. ஜெயில் விவகாரம் தெரியும், இந்தப் பக்கத்தில் அதைத் தாண்டிப் போகவும் மாட்டேன். மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் ஒரு பெண்ணைத் தாக்கியதற்காக 1989இல் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டுக் கடைசியிலிருந்து 1991 மார்ச் வரை உள்ளே இருந்தார். மேடையில் பார்க்கிறவன் தெரிந்து வருகிறான், அடி விழும் என்று எதிர்பார்த்து வருகிறான் என்று அவருடைய ரசிகர்கள் சொல்லும் சமாதானம் இங்கே செல்லாது. மேடையிலும் அது அரைகுறையாகத்தான் செல்லும், அங்கே அடிவாங்கிய பெண்கள் எல்லோரும் அதற்காகவா வந்தார்கள்?

மனநோயாளி என்பதற்கு மட்டும் ஒரு தகவல். அந்த வழக்கில் நீதிமன்றத்துக்காக அவரைப் பரிசோதித்தவர்கள் எழுதிய அறிக்கையில், பேச்சில் மரியாதை இருக்கிறது, ஒத்துழைக்கிறார், ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறார், புத்திக்கூர்மை சராசரி அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறது. குடியும் ஆளுமைக் கோளாறும் உண்டு, ஆனால் எது நிஜம் எது பிரமை என்று தெரியாத நிலை இல்லை. எனக்கு இது அவரைக் காப்பாற்றுகிற தகவலாகப் படவில்லை, மாட்டிவைக்கிற தகவலாகத்தான் படுகிறது. தெரிந்தே செய்திருக்கிறார்.

வெளியே வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? பரோலில் இருக்கும்போது மாநிலத்தைவிட்டுப் போகக்கூடாது என்ற விதியை மீறி நேராக டூர் கிளம்பிவிட்டார். திரும்பவும் பிடித்து உள்ளே போட்டார்கள்.

கேள்வி: மேடையிலேயே தற்கொலை செய்துகொள்வதாக அறிவித்தாராமே?

பதில்: ஆமாம், பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் அக்டோபர் 31 ஹாலோவீன் அன்று செய்வேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். 1990இல் அந்த நாள் வந்தபோது ஜெயிலில் இருந்தார். அடுத்தடுத்தும் சொன்னார், ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் ஏதாவதொரு கம்பிக்குப் பின்னால்தான் இருந்தார். கிண்டல் செய்வதற்கு ரொம்ப வசதியான விஷயம், நானும் செய்திருப்பேன். ஆனால் வேனில் இருப்பவர்கள் பக்கம் நின்று யோசித்தால் சிரிப்பு வரவில்லை. தேதி சொல்லிச் சாகப்போவதாக அறிவித்த மனிதரோடு அடுத்த ஊர்க் கச்சேரிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகிறீர்கள், அந்த அறிவிப்பினால்தான் டிக்கெட்டும் போகிறது.

கேள்வி: கடைசி நாளில் என்ன நடந்தது?

பதில்: 1993 ஜூன் 27. நியூயார்க்கில் கேஸ் ஸ்டேஷன் என்று ஒரு இடம், பெயருக்கேற்ப பழைய பெட்ரோல் பங்க்தான், கலைஞர்கள் எடுத்து அரங்கம் மாதிரி வைத்திருந்தார்கள். இரண்டொரு பாட்டிலேயே மின்சாரம் நின்றது. ஆலின் இடத்தை உடைத்து நொறுக்கிவிட்டு, ரத்தமும் அழுக்குமாகத் தெருவில் இறங்கி நடந்தார், பின்னால் ஒரு கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டே போனது. ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஹெராயின். நினைவிழந்து விழுந்தார், சுற்றி விருந்து தொடர்ந்தது, சிலர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர் செத்துப்போயிருந்தது யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

இதைச் சொன்னால் எல்லோரும் அந்த வீட்டில் இருந்தவர்களைத் திட்டுவார்கள். திட்டலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த ஆளோடு பழகியவர்கள் அவரை எத்தனை ராத்திரி அதே கோலத்தில், அதே ரத்தத்தோடு, அசையாமல் தரையில் கிடக்கப் பார்த்திருப்பார்கள்? ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கிறார். வேறு யாராவது அப்படிக் கிடந்திருந்தால் பதறியிருப்பார்கள். இவர் கிடந்தால் ‘வழக்கம்தானே’. வருடக்கணக்காகக் கூடவே இருந்து பழகிய கண்ணுக்கு அபாயம் எது, அன்றாடம் எது என்று பிரித்துப் பார்க்கும் சக்தியே போய்விட்டது. டூர் வாழ்க்கை அவர்களுக்குச் செய்தது அதுதான் என்பது என் எண்ணம், கெட்டவர்களாக ஆனது அல்ல.

சவ அடக்கமும் அதே போக்கில்தான். உடலைக் கழுவ வேண்டாம், மேக்கப் வேண்டாம் என்று மெர்ல் சொல்லிவிட்டார். தோல் ஜாக்கெட்டோடு, பக்கத்தில் விஸ்கி பாட்டிலோடு நியூ ஹாம்ப்ஷயரில் வைத்தார்கள். பிற்பாடு ரசிகர்கள் கல்லறையில் மலஜலம் கழித்து மரியாதை செலுத்தப்போய், கல்லையே அங்கிருந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. அம்மா ஒருவர் உயிரோடு இருந்தார், மகனுடைய கல்லறைக்குப் போகிற அம்மா, என்பதை அந்த ரசிகர்கள் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: ‘ஜோக்கர்’ பட இயக்குநருக்கும் இவருக்கும் தொடர்பு உண்டாமே, உண்மையா?

பதில்: உண்மை. டாட் ஃபிலிப்ஸ் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துக்கொண்டிருந்த காலத்தில் எடுத்த முதல் ஆவணப்படம் ஆலினும் மர்டர் ஜங்கீஸும் பற்றியதுதான். 1993இல் வந்தது. அந்தப் படத்தின் போஸ்டரை வரைந்தவர், மரண தண்டனைக்குக் காத்திருந்த தொடர் கொலைகாரர் ஜான் வெய்ன் கேசி. ஆலின் அவருக்குக் கடிதம் எழுதுவார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

கேள்வி: மெர்ல் அப்புறம் என்ன செய்தார்?

பதில்: வேறு பாடகர்களை வைத்து மர்டர் ஜங்கீஸ் டூர் போனது. தம்பி பெயர் போட்ட டிஷர்ட்டும் பழைய பொருட்களும் விற்றார். சிலருக்கு அது கோபம். எனக்குக் கோபம் வரவில்லை, வேனை ஓட்டியவருக்கு அந்த வேனைத் தவிர வேறு என்ன இருந்தது?

கேள்வி: எல்லாம் சரி, பாட்டு எப்படி? கேட்கலாமா?

பதில்: இத்தனை கடிதத்தில் பாட்டைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

1980இல் ஜாபர்ஸோடு வந்த முதல் ஆல்பத்தைக் கேளுங்கள். வேகமான, மெட்டுள்ள, கிட்டத்தட்டக் குஷியான பங்க். குரல் அப்போது முழுசாக இருந்தது. அந்த நாட்களில், பங்குக்கு முன்னோடி என்று சொல்லப்படும் எம்சி5 ராக் பேண்டின் வெய்ன் கிரேமரும் டென்னிஸ் தாம்ப்சனும் அவரோடு வாசித்து ஒரு சிங்கிள் (சின்ன இசைத்தட்டு) வந்தது, சும்மா ஒரு கோமாளிக்கு அவர்கள் போய் வாசித்திருக்க மாட்டார்கள். பத்து வருடம் கழித்து வந்தவற்றில் குரல் கரகரத்துக் கிழிந்துபோய் இருக்கும், ஒலிப்பதிவு பல இடங்களில் மட்டம், வரிகளில் பெண்களைப் பற்றியும் இன்னும் பலரைப் பற்றியும் இருப்பதைப் படித்தால் பாதியில் வைத்துவிடுவீர்கள், வைத்துவிடலாம். ஆனால் ஆளுக்கு அந்தக் காலத்துக் கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் மீது அபாரப் பிரியம். கடைசிக் காலத்தில் ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரோடு சில நாட்டுப்புற ரகக் கன்ட்ரி பாடல்களைப் பதிவு செய்தார். அதில் வாரன் ஜீவான் எழுதிய ‘கார்மெலிடா’வும் உண்டு, ஹெராயினில் சிக்கிய ஒருவனின் பாட்டு. யாரையும் அடிக்காமல், எதையும் உடைக்காமல், உட்கார்ந்து பாடுகிறார். சுருதி அங்கங்கே விலகும். எனக்கு அது போதும், அவருடையதில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

முதல் ஆல்பத்தில் பாதிப் பாட்டுகளின் வரிகள் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் ஓடக்கூடியவை அல்ல. ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.